தரைக்கு மரம்: சதுர அடி 650 எப்படி 1,083 ஆகிறது?

எங்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் அமுதக்கரைசல், மீன் அமிலம், மூடாக்கு என்றுதான் கேட்பார்கள். இப்போது அதையெல்லாம் கேட்டு முடித்ததும் வீட்டுக்குள் வந்து மச்சுக்கு ஏறுகிறார்கள். ஏறி நின்ற உடனே ஒரு கேள்வி வரும்: "அண்ணாச்சி, நாங்களும் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கோம். சின்னதா ஒரு வீடு கட்டணும். சிமெண்ட், டைல்ஸ் எதுவும் வேண்டாம், தரைக்கு மரம் போட்டுரலாம்னு இருக்கோம். சதுர அடிக்கு என்ன ஆகும்?"

ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. கடைக்காரர் சொல்லுகிற எண் பலகையின் விலை மட்டும்தான். பலகைக்குக் கீழே என்ன போகிறது, எவ்வளவு கழிகிறது, யார் இழைக்கிறார்கள், மரம் எத்தனை மாதம் காய்ந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. அப்பா வைத்த தேக்கில் இரண்டை வீணாக்கிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இனி வீடு கட்டப் போகிறவர்கள் அந்த இரண்டு மரத்தையாவது மிச்சப்படுத்தட்டும் என்று என் நோட்டில் இருக்கிற கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன். கூலியும் விலையும் எங்கள் தென்காசிப் பக்கம், நாங்கள் வேலை செய்த நேரத்தில் இருந்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். தொகை மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

கடைக்காரர் சொன்ன 650

கீழ்வீட்டில் 10 அடிக்கு 12 அடி அறை, 120 சதுர அடி. தரைப்பலகை விற்கிற கடை ஒன்றில் கேட்டோம். "தேக்கு, முக்கால் அங்குலம், சதுர அடி 650, வரி உள்பட" என்றார்கள். 120 × 650 = 78,000. வீட்டில் எல்லோரும் 'சரி, எண்பதாயிரம்' என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டோம். அதற்குப் பிறகு வந்த முழுப் பட்டியல் இது:

பலகை, 10 விழுக்காடு கழிவு சேர்த்து 132 சதுர அடி: ரூ. 85,800
தரையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய, ஈரம் ஏறாமல் ஷீட் விரிக்க: ரூ. 4,800
அடியில் 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்: ரூ. 13,200
பலகை பதிக்கும் கூலி: ரூ. 12,000
தேய்த்துப் பாலிஷ் போட: ரூ. 8,400
சுவரோரப் பட்டி, கதவு வழி போக 41 அடி: ரூ. 3,280
வண்டி வாடகை: ரூ. 2,500
மொத்தம்: ரூ. 1,29,980

120-ஆல் வகுத்தால் சதுர அடி 1,083 ரூபாய். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்டது பலகை விலை, அவர் சொன்னதும் பலகை விலை. நாம்தான் அதைத் தரையின் விலை என்று எடுத்துக்கொண்டோம்.

இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீழ்வீட்டில் மரம் போட வேண்டுமானால் முதலில் கான்கிரீட் தரை இருக்க வேண்டும். அதற்கு மேல் ஷீட், அதற்கு மேல் பிளைவுட், அதற்கும் மேல்தான் பலகை. 'சிமெண்ட் வேண்டாம்' என்று தொடங்கியவர் சிமெண்டுத் தரையும் போடுகிறார், அதன் மேல் மரத்தரையும் போடுகிறார். ஒரு அறைக்கு இரண்டு தரைச் செலவு.

வரப்பில் நிற்கிற தேக்கு சும்மாவா?

'கடையில் வாங்கினால்தானே அந்த விலை, நம்ம வரப்பிலேயே தேக்கு நிற்குதே' என்று அடுத்து தோன்றும். எனக்கும் தோன்றியது. வாய்க்கால் வரப்பில் அப்பா 12 தேக்கு வைத்திருந்தார். இருபத்தைந்து வயது மரங்கள்.

மரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தடியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை நாலால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 36 அங்குலச் சுற்றளவு, 12 அடி நீளம் என்றால்: 36-இல் கால் பங்கு 9. 9 × 9 × 12 ÷ 144 = 6.75 கன அடி. இந்தக் கணக்கு தடியின் உண்மையான கன அளவில் ஏறக்குறைய 78 விழுக்காட்டைத்தான் காட்டும். அறுக்கும்போது போகிற முதுகுக் கட்டைக்கான தள்ளுபடி முறையிலேயே உள்ளே இருக்கிறது. இது தெரியாததால்தான் பல பேர் ஏமாறுகிறோம். சில வியாபாரிகள் இதற்கு மேலும் 'பட்டைக்கு ரெண்டு அங்குலம் கழிச்சுக்கணும்' என்பார்கள். சுற்றளவில் 2 அங்குலம் குறைத்தால் 6.75 என்பது 6.02 ஆகிவிடும். ஒரு மரத்துக்கு முக்கால் கன அடி போச்சு. விற்பதாக இருந்தாலும் சொந்தத்துக்கு அறுப்பதாக இருந்தாலும் இந்தக் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

இனி அறுவை. வளர்ந்துவரும் வயதுத் தேக்கில் அளந்த கன அடியில் பாதி பலகையாகக் கிடைத்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம். 6.75-இல் பாதி சுமார் 3.4. ஒரு கன அடியை ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் 12 சதுர அடி. ஆக ஒரு மரத்தில் 40 சதுர அடி. அதிலும் ஓரம் இழைத்து, நாக்கும் காடியும் எடுத்து, வெடித்தது, முறுக்கியது, வெள்ளைக்கட்டை ஆகியவற்றை ஒதுக்கினால் 35 நிற்கும். 120 சதுர அடி அறைக்கு நாலு மரம் வேண்டும்.

நாலு மரம், 27 கன அடி, வியாபாரி கேட்ட விலை கன அடிக்கு 1,200: ரூ. 32,400
வெட்டி, கிளை கழித்து, துண்டு போட: ரூ. 4,000
டிராக்டர், மில்லுக்குப் போக வர: ரூ. 3,500
அறுவைக் கூலி, கன அடிக்கு 70: ரூ. 1,890
இழைத்து, நாக்கு காடி எடுக்க: ரூ. 3,500
தரை சமன், ஷீட், பிளைவுட்: ரூ. 18,000
பதிப்பு, பாலிஷ், ஓரப் பட்டி வேலை: ரூ. 21,425
மொத்தம்: ரூ. 84,715

சதுர அடிக்கு 706. மரத்தின் விலையைச் சேர்க்காமல் 'அது நம்ம மரம்தானே' என்று விட்டாலும் கையிலிருந்து 52,315 ரூபாய், அதாவது சதுர அடிக்கு 436 போகும். அந்த 32,400-ஐக் கணக்கில் எழுதாமல் விடக் கூடாது என்பேன். நெல்லை வீட்டுக்கு எடுத்தாலும் விலை போட்டு எழுதுகிறோம், இல்லையா? இருபத்தைந்து வருடம் வரப்பில் நிழல் கொடுத்து நின்ற மரத்துக்கும் அதே நியாயம்தான்.

இரண்டு மரம் போன கதை

முதலில் நான் போட்டது பெரிய அறைக்கு அல்ல. கீழ்வீட்டில் புத்தகம் வைத்துப் படிக்க 8 அடிக்கு 6 அடியில் ஒரு சின்ன அறை. இரண்டு மரத்தைப் புரட்டாசியில் வெட்டினோம், ஐப்பசியில் அறுத்தோம், கார்த்திகையில் பதித்துவிட்டோம். மழைக்கால ஈரம் மரத்துக்குள்ளேயே இருந்தது. ஆசாரியார் சொல்லத்தான் செய்தார்: "அண்ணாச்சி, இது இன்னும் பச்சை. சித்திரை தாண்டட்டும்." நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு வீட்டில் ஆள் வருகிறார்கள் என்ற அவசரம்.

மாசியிலேயே பலகைக்குப் பலகை கோடு தெரிந்தது. சித்திரையில் அந்த இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் உள்ளே போனது. இரண்டு பலகை ஓரம் தூக்கி, காலில் இடறியது. நாக்கு காடியை விட்டு வெளியே வந்துவிட்டது.

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய போக்கில் அதிகமாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் குறைவாகவும் சுருங்கும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குகிற மரம். அதுவே பச்சையிலிருந்து முழுக்கக் காய்ந்தால் ஒரு போக்கில் 2.5, இன்னொரு போக்கில் 5.8 விழுக்காடு சுருங்கும். வீட்டுக்குள் அந்த அளவுக்குக் காயாது. 3 விழுக்காடு என்று வையுங்கள். 5 அங்குலப் பலகை 4 மில்லிமீட்டர் விலகும். 8 அடி அகலத்துக்கு எல்லா இடுக்கையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 அங்குலம்!

பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளைக்கட்டையையும் வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. காய்ந்தால்தான் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோக முடியும். அந்தப் பொறுமை பலகையிலும் தெரிந்தது.

அடுத்த முறை நாங்கள் செய்தது இதுதான்:

கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பலகையை அடுக்கினோம். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரே கனத்தில் ரீப்பர் வைத்தோம். மேல் வரிசை ரீப்பர் கீழ் வரிசை ரீப்பருக்கு நேர் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் பலகை வளைந்துவிடும்.

பலகையின் இரண்டு தலையிலும் பழைய பெயிண்டைப் பூசினோம். தலைப்பக்கம்தான் ஈரம் வேகமாகப் போகும். அங்கேதான் வெடிப்பும் தொடங்கும். சாணியும் மண்ணும் குழைத்து அப்புகிறவர்களும் உண்டு.

நடு அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவி, மாதாமாதம் காய்கறித் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே எழுதினோம். தொடர்ந்து இரண்டு மாதம் எடை குறையாமல் நின்றால் அந்த இடத்துக் காற்றுக்கு ஏற்ற அளவுக்கு மரம் காய்ந்துவிட்டது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது.

கரையானுக்கு எந்த மருந்து?

கீழ்வீட்டில் மரம் போட வருகிறவர்கள் 'கரையான் மருந்து அடிச்சிருங்க' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது என்ன மருந்து என்று டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கட்டடத்துக்கு அடியில் கரையானுக்கு ஊற்றுகிறவற்றில் குளோர்பைரிபாஸும் உண்டு, இமிடாகுளோபிரிடும் உண்டு. வயலில் எதை விட்டொழித்துவிட்டு வந்தோமோ அதையே பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற அறைக்கு அடியில் லிட்டர் கணக்கில் ஊற்றச் சொல்கிறார்கள். 'இயற்கையா இருக்கணும்' என்றுதானே மரத்தரை கேட்டோம்?

தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வெள்ளைக்கட்டையைத் தின்னும். இளம் மரத்தில் வெள்ளைக்கட்டைதான் அதிகம். அதைக் கறாராக ஒதுக்கிவிட வேண்டும். மரம் மண்ணையும் ஈரச் சுவரையும் தொடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கீழ்வீட்டில் காப்பாற்றுவது கடினம், மேலே எளிது.

மரம் மாதிரி இருப்பது மரம் அல்ல

சதுர அடி நூறு, நூற்றைம்பதுக்கு 'வுடன் ஃப்ளோரிங்' என்று விற்பது பெரும்பாலும் லேமினேட். மரத்தூளைப் பசையோடு அழுத்திய அட்டை, அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த தாள், அதன் மேல் பிசின் பூச்சு. அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு சேரும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்த வேதிப்பொருள் அது. வாங்கியே தீரவேண்டும் என்றால் அது வெளிவிடும் அளவு குறைந்த ஈ-1, ஈ-0 தரம்தானா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் பட்டால் லேமினேட் ஊதிவிடும், இழைத்துச் சரிசெய்யவும் முடியாது. சேறு மிதித்த காலோடு வந்து, வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நம்ம வீட்டுக்கு அது ஆகாது.

மரத்தை மச்சுக்குக் கொண்டுபோங்கள்

சரி, மரமே வேண்டாமா? வேண்டும். எங்கே போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நம்ம பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கீழே சாணி மெழுகிய தரை இருக்கும், சுண்ணாம்புத் தரை இருக்கும், பின்னால் செங்காவி வந்தது. மரப்பலகை மேலே மச்சில் இருந்தது. உத்தரம், அதன் மேல் குறுக்குக் கட்டை, அதன் மேல் பலகை. கீழே இருப்பவனுக்கு அதுவே கூரை, மேலே இருப்பவனுக்கு அதுவே தரை. மரங்களால் கட்டிய பத்மநாபபுரம் அரண்மனையிலும் கீழே கண்ணாடி மாதிரி மின்னுவது மரம் இல்லை, தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் கறுப்புத் தரை. மரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள பகையைத் தெரிந்து கட்டியவர்கள் அவர்கள்.

மச்சில் போட்டால் செலவுக் கணக்கே வேறு. அங்கே மரம் கான்கிரீட் தளத்துக்குப் பதிலாக நிற்கிறது. தரை சமன் செய்ய வேண்டாம், ஷீட் வேண்டாம், பிளைவுட் வேண்டாம். அதே 120 சதுர அடிக்கு எங்களுக்கு ஆனது:

நாலு மரமும் அறுவையும் இழைப்பும், மரத்தின் விலை சேர்த்து: ரூ. 45,290
குறுக்குக் கட்டைக்கு, இடித்த வீட்டுப் பழைய மரம் 12.5 கன அடி: ரூ. 22,500
கட்டை ஏற்றி நிறுத்த: ரூ. 6,000
பலகை பதிக்க: ரூ. 12,000
பாலிஷ்: ரூ. 8,400
மொத்தம்: ரூ. 94,190

சதுர அடிக்கு 785. அதே இடத்துக்குக் கான்கிரீட் தளம், மேலே டைல்ஸ், அடியில் பூச்சு, வெள்ளை எல்லாம் சேர்த்துக் கொத்தனார் சொன்னது 52,000. ஆக மரமச்சுக்கு நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது 42,190. கீழ்வீட்டில் அதே அறைக்குச் செங்காவித் தரை போட 13,200 ஆனது. அங்கே சொந்த மரத்தையே போட்டிருந்தாலும் கூடுதல் செலவு 71,515 ஆகியிருக்கும். மரம் மலிவு என்று நான் சொல்லவில்லை. எங்கே போட்டாலும் மரம் கூடுதல்தான். மச்சில் அந்தக் கூடுதலுக்கு மரம் வேலை செய்கிறது.

10 அடி இடைவெளிக்கு 3 அங்குலம் × 6 அங்குலக் கட்டையை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒன்பது போட்டோம். உங்கள் அறையின் நீளமும் பாரமும் வேறாக இருக்கும். நெல்மூட்டை அடுக்கப் போகிறீர்களா, ஆள் படுக்க மட்டுமா என்பதைச் சொல்லி, மச்சு கட்டிப் பழகிய ஆசாரியிடமோ பொறியாளரிடமோ கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். பலகையை ஆணி அடிக்காமல் ஸ்குரூ போட்டு முடுக்கினோம். நாளைக்குக் கழற்றி வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே நடந்தால் கீழே சத்தம் கேட்கும். குழந்தைகள் ஓடினால் நிச்சயம் கேட்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, ஈரத் துணியால் துடைக்கத்தான் முடியும். சில ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்து எண்ணெயோ பாலிஷோ போட வேண்டும். அந்தச் செலவையும் எழுதி வையுங்கள்.

தேக்கு இல்லாதவர்கள் வேங்கை, மருது, பலா பற்றி உள்ளூர் ஆசாரியிடம் கேளுங்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: காய்ப்பு நின்ற முதிர்ந்த தென்னையின் அடிப்பகுதியில், பட்டையை ஒட்டிய வெளிச்சுற்று நல்ல இறுக்கமான மரம், பலகைக்கு உதவும். நடுப்பகுதி பஞ்சு மாதிரி, எதற்கும் ஆகாது. அதனால் அகலப் பலகை கிடைக்காது, சிறு பட்டிகள்தான். அறுக்கும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும். மில்லில் முதலிலேயே சொல்லிக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டுக்குச் செங்காவியோ, சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கல்லோ போதும். இரண்டும் வெறுங்காலுக்குக் குளுமை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. கொடுக்கிற காசில் பெரும் பங்கு உழைக்கிற கைக்குப் போகும்.

கோடரி எடுப்பதற்கு முன்

பட்டா நிலத்து மரம்தானே என்று வெட்டிவிடாதீர்கள். தேக்கை வெட்டவும் வண்டியில் கொண்டுபோகவும் என்ன அனுமதி வேண்டும் என்று உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் பட்டா, சிட்டாவோடு போய்க் கேளுங்கள். மலைப்பகுதி நிலத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. சந்தனம், ஈட்டி பற்றிக் கேட்காமல் கைவைக்கவே கூடாது.

விலை கேட்கும்போது 'பலகை என்ன விலை' என்று கேட்காதீர்கள். 'கழிவு, அடித்தளம், கூலி, பாலிஷ், ஓரப் பட்டி, வண்டி, வரி எல்லாம் சேர்த்து, நான் காலை வைத்து நடக்கிற வரைக்கும் என்ன ஆகும்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மரம் வெட்டுகிற நாளையும் வீடு குடிபோகிற நாளையும் ஒரு வருடமாவது தள்ளி வையுங்கள். பிளான் போடுகிற அன்றைக்கே மரம் அடுக்கில் காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

புத்தக அறையில் பெயர்த்த பலகைகளை ஆசாரியார் மறுபடி இழைத்து, இரண்டு விதைப்பெட்டியும் ஒரு பெஞ்சும் செய்து கொடுத்தார். அந்த அறைக்குச் செங்காவி போட்டாயிற்று. வரப்பில் இன்னும் ஆறு தேக்கு நிற்கிறது. வெட்டிய ஆறுக்குப் பதிலாக இந்த மழைக்குப் பன்னிரண்டு கன்று வைத்திருக்கிறோம், தேக்கு நாலு, வேங்கை நாலு, பலா நாலு.